கைபேசி இயங்குதளங்களும் சுதேசி வியாபாரமும்

உலகத்துக் கைபேசிகளை இயக்கும் தளங்கள் எத்தனை என்று கேட்டால், இன்று இரண்டே என்று விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று கூகிள் கம்பெனியாரின் ஆண்ட்ராய்டு. மற்றொன்று ஆப்பிள் கம்பெனியாரின் ஐ.ஓ.எஸ். இரு கம்பெனிகளுக்கும் தலைமை ஸ்தானம் கலிபோர்னியா. சீன தேசத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால் மூன்றாவது ஒருவருக்கு இவ்வியாபாரத்தில் நிற்க இடமில்லை. இவ்விரண்டில் எதற்கு எத்தனை பங்கு என்று மாதந்தோறும் கணக்கு வெளியாகிறது. பட்டணத்துப் பத்திரிகைகள் அதைக் கிரிக்கெட் ஓட்டக் கணக்கைப் போலப் பிரசுரித்து வருகின்றன.

நமது கிராமங்களில் அந்தப் பந்தயமும் கிடையாது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் திருவாண்டார்கோயில் கடைத்தெருவில் ஒருவர் கைபேசி வாங்கப் போனால், கம்பெனிப் பெயர்கள் பலவாயிருக்கும். உள்ளே இயங்குவது அநேகமாக ஆண்ட்ராய்டு ஒன்றே. இந்தியா முழுவதும் 100 ஸ்மார்ட் போன்களில் ஏறக்குறைய 95 அவ்வகையினவே. ஐ.ஓ.எஸ். கொண்ட கருவி பணக்காரர் கையிலும், தவணைக் கடனில் வாங்கத் துணிந்த வாலிபர் கையிலும் இருக்கிறது. பங்குச் சண்டை இங்கே முடிந்துபோய்ப் பல வருஷங்களாகின்றன. முடிந்த சண்டையைப் பற்றி இப்போது எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். வென்றவர் வெற்றியை எவ்விதம் அனுபவிக்கிறார் என்பதையும், அதற்கு நமது சர்க்கார் எவ்விதம் உடந்தையாயிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

கைபேசி இன்று பேசுவதற்கு மட்டும் உரிய சாமான் அன்று. குடியானவர் பி.எம். கிசான் உதவித்தொகைக்குத் தம் முகத்தைக் காட்டி அத்தாட்சி செய்வதற்கு 2023 ஜூனில் செயலி வந்தது. பாங்கிப் பணம் அதில் போகிறது. கூலி அதில் வருகிறது. ஆதார், ஓட்டுநர் லைசென்ஸ், பிள்ளைகளின் மதிப்பெண் பத்திரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. ஒரு பிரஜை தன் சர்க்காரிடம் போய்ச் சேரும் வாசற்படி இதுவென்றால், அந்த வாசலுக்குச் சாவி வைத்திருப்பவர் யார் என்பது ராஜ்ய விஷயமே.

ஆண்ட்ராய்டு இலவசம் என்று சொல்லுவார்கள். ஒருவகையில் அது வாஸ்தவமே. 2005இல் கூகிள் கம்பெனியார் ஒரு சிறு ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கினார்கள். 2008இல் அதன் முதல் கைபேசி வெளிவந்தது. அதற்கு அடிப்படையான லினக்ஸ் பல தேசத்து நிபுணர்கள் கூடி உழைத்துப் பொதுச் சொத்தாக உலகத்துக்கு விட்டது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியம் கூகிளுக்கு வந்து சேர்ந்தது என்று சொன்னால் அது முழுதும் தவறாகாது. மூல நிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த இலவசத்தில் ‘பிளே ஸ்டோர்’ என்னும் செயலிக் கடை சேரவில்லை. கடை இல்லாத கைபேசியை இன்று எவரும் வாங்கமாட்டார். கடை வேண்டுமென்று உற்பத்தியாளர் கேட்கும்போதுதான் ஒப்பந்தப் பத்திரம் வெளியே வருகிறது. கடையோடு கூகிளின் மற்றச் செயலிகள் யாவற்றையும் கருவியில் ஏற்றவேண்டும். தேடும் பெட்டியை முகப்பில் வைக்கவேண்டும். ஆண்ட்ராய்டை வேறுவிதமாகத் திருத்திய கருவி எதையும் அந்த உற்பத்தியாளர் செய்யலாகாது. இந்த நிபந்தனைகளைத்தான் இந்தியப் போட்டி ஆணையம் பின்னர் எடுத்து ஆராய்ந்தது. இயங்குதளத்துக்கு விலை வாங்காதவர்கள், தேடலில் விளம்பரத்துக்கும், செயலிக் கடையில் விற்கும் டிஜிட்டல் பண்டங்களுக்கும் பணம் வாங்குகிறார்கள். விற்ற தொகையில் 100க்கு 15 முதல் 30 வரை கமிஷன் என்பது பல வருஷங்களாக இருந்துவந்த வழக்கம்.

இலவசம் என்னும் ஆயுதத்தைத் தமிழ்நாடு முன்பே கண்டிருக்கிறது. 1906இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்தாபித்தார்கள். கொழும்புக்குக் கப்பல் விட்ட வெள்ளைக் கம்பெனியார் பிரயாணக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முடிவில் இலவசமாகவே ஏற்றி ஆளுக்கொரு குடையும் கொடுக்க முன்வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1911இல் சுதேசிக் கம்பெனி மூடப்பட்டது. அதற்குப் பிறகும் குடை கொடுத்தார்களா என்று கேட்பாரில்லை. இந்த ஒப்புமையை நாம் அளவுக்கு மிஞ்சி இழுக்க விரும்பவில்லை. பிள்ளையவர்களைச் சிறையிலிட்டது அன்றைய சர்க்கார். கூகிளுக்கு அந்த உதவி எவரும் செய்யவில்லை. மேலும், மலிவான ஆண்ட்ராய்டு கருவி வந்திராவிட்டால் நமது கிராமத்துக் கூலியாள் கையில் இன்றும் பொத்தான் கைபேசியே இருந்திருக்கும். தமிழில் படிக்கவும் எழுதவும் அவருக்கு இத்தனை வசதி கிட்டியிருக்காது. நன்மையை மறைத்துக் குற்றம் சாட்டுவது பத்திரிகை தர்மமன்று.

இயங்குதளச் சண்டையில் தோற்றவர் கதி என்ன என்பதை அறிய நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை; ஸ்ரீபெரும்புதூர் வரை போனால் போதும். 2006இல் ஃபின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனியார் அங்கே கைபேசித் தொழிற்சாலை திறந்தார்கள். சுமார் 8,000 பேர் நேராகவே அதில் வேலை பார்த்த காலம் உண்டு. வட ஜில்லாக் கிராமங்களிலிருந்து போன பெண்கள் முதன்முதலாகத் தம் பேரில் பாங்கிக் கணக்குத் திறந்து சம்பளம் வாங்கிய இடம் அது. 2009இல் உலகத்தில் விற்ற ஸ்மார்ட் போன்களில் ஏறத்தாழப் பாதியை இயக்கியது நோக்கியா கைக்கொண்டிருந்த சிம்பியன் தளம். இரண்டே வருஷத்தில் அது சரிந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் எலப், கம்பெனி தீப்பற்றிய எண்ணெய் மேடையின்மேல் நிற்பதாகத் தம் ஊழியருக்குக் கடிதமெழுதிவிட்டு, மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் விண்டோஸ் போன் தளத்தைத் தழுவினார்.

விண்டோஸ் போன் கெட்ட தளம் அன்று. பயன்படுத்தியவர்கள் பலர் அதை இன்றும் புகழ்கிறார்கள். அதற்கு இல்லாதது செயலிகள். செயலி செய்வோர் ஜனங்கள் இருக்கும் தளத்துக்குத்தான் செய்வார்கள். ஜனங்கள் செயலி இருக்கும் தளத்துக்குத்தான் போவார்கள். இந்தச் சுழலில் அகப்பட்டவன் மேலே வருவது கஷ்டம். 2013இல் மைக்ரோசாப்ட் தானே யூடியூபுக்கு ஒரு செயலி செய்து வெளியிட்டபோது கூகிள் அதைத் தடுத்துவிட்டது என்பதையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுதல் நலம்.

ஸ்ரீபெரும்புதூரில் செய்தவை பெரும்பாலும் மலிவான சாதாரணக் கைபேசிகளே. ஆயினும் தாய்க் கம்பெனி மேலே தோற்றதும், மலிவான ஆண்ட்ராய்டு கருவிகள் கீழ்ச் சந்தையில் நுழைந்ததும் சேர்ந்து அந்தத் தொழிற்சாலையை நசுக்கின. வருமானவரி வழக்கு ஒன்றும் குறுக்கே வந்தது. கருவியில் ஏற்றும் மென்பொருளுக்காக ஃபின்லாந்துத் தலைமைக்கு அனுப்பிய பணத்தைப் பற்றியதே அந்த வழக்கு! கருவி நம் கையால் செய்யப்பட்டது. அதை இயக்கிய மென்பொருளுக்கு நாம் கப்பம் கட்டினோம். அந்தக் கப்பத்துக்கு வரி யார் கட்டுவது என்று நியாயஸ்தலத்தில் வாதம் நடந்தது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைபேசி வியாபாரத்தை வாங்கிக்கொண்டபோது, வழக்கில் சிக்கிய இத்தொழிற்சாலை மட்டும் சேரவில்லை. அவ்வருஷம் நவம்பர் 1ஆம் தேதி கதவு சாத்தப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஆப்பிள் கைபேசிகள் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் உருவாகின்றன. ஓசூரில் டாட்டா கம்பெனியார் செய்கிறார்கள். வேலை கிடைத்தது சந்தோஷமே. கலிபோர்னியாவில் காற்று திசை மாறினால் ஸ்ரீபெரும்புதூரில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்பதற்கு நோக்கியாவே சாட்சி.

இது நிற்க, சுதேசி முயற்சிகள் நடவாமலில்லை. 2015இல் வந்த இண்டஸ் ஓ.எஸ்., தமிழ் உள்படப் பல இந்திய பாஷைகளுக்கு இடங்கொடுத்தது. மைக்ரோமாக்ஸ் முதலிய இந்தியக் கம்பெனிகளின் கருவிகளில் ஏறி, 2016இல் இந்தியாவில் ஆப்பிளையும் தாண்டியது. அவ்வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்தது. 4ஜி கருவிகளோடு சீனக் கம்பெனிகள் சந்தையை நிரப்பின. இந்தியக் கைபேசிக் கம்பெனிகள் தேய்ந்தன. அவற்றின்மேல் ஏறிச் சவாரி செய்த இண்டஸும் கூடவே இறங்கியது. பின்னர் அது செயலிக் கடையாக மாறி, ஃபோன்பே கம்பெனியாரால் வாங்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் ‘இண்டஸ் ஆப்ஸ்டோர்’ என்று திறக்கப்பட்டது. வாங்கியபோது ஃபோன்பேயின் பெரும் பங்கு அமெரிக்க வால்மார்ட்டிடம் இருந்தது. சுதேசி என்னும் சொல் இந்நாளில் எத்தனை கை மாறுகிறது, பாருங்கள்.

ஜியோ கம்பெனியார் 2017இல் கொண்டுவந்த பொத்தான் கைபேசி, கைஓஎஸ் என்னும் வேறொரு தளத்தில் ஓடியது. 2018இல் அது இந்தியாவில் இரண்டாம் ஸ்தானம் பிடித்தது. அவ்வருஷம் ஜூனில் கூகிளே கைஓஎஸில் 2 கோடியே 20 லட்சம் டாலர் முதலீடு செய்தது. 2020 ஜூலையில் ஜியோ பிளாட்பார்ம்ஸில் 33,737 கோடி ரூபாய் போட்டுப் பங்கு வாங்கியது. 2021இல் ஜியோ வெளியிட்ட அடுத்த கருவி ஆண்ட்ராய்டின்மேல் அமைந்திருந்தது. இதில் சட்டவிரோதம் எதுவும் இருப்பதாக நாம் கூறவில்லை. போட்டியாளர் எப்படிப் பங்காளியாகிறார் என்பதை மட்டும் கவனிக்கும்படி கேட்கிறோம்.

2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஸ்தாபனமொன்று ‘பாரோஸ்’ என்னும் தளத்தை வெளியிட்டது. மத்திய மந்திரிகள் இருவர் அதைக் கையில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். சுதேசி இயங்குதளம் பிறந்துவிட்டதென்று பத்திரிகைகள் தாரை ஊதின. அதன் அடிப்படையும் ஆண்ட்ராய்டின் பொது நிரலே. அதில் அவமானம் இல்லை. ரகசியம் காக்கவேண்டிய காரியாலயங்களுக்கு அது உபயோகப்படும் என்றார்கள்; அவ்வளவுக்கு அது நல்ல காரியம். ஆனால் பெயரைப் பாரதம் என்று வைப்பதால் திருவாண்டார்கோயில் கடைத்தெருவில் அது விலையாகிவிடுமா? கூகிளின் முத்திரை பெறாத கருவியில் ஓட மறுக்கும் பாங்கிச் செயலிகள் உண்டு. பாங்கிச் செயலி ஓடாத கைபேசியைத் தேசாபிமானத்துக்காக ஒருவர் ஒரு வாரம் வைத்திருப்பார்; எட்டாம் நாள் பழைய கைபேசியைத் தேடுவார். ஜனங்களின் பற்றைச் சோதிப்பது சர்க்காரின் வேலையன்று; அவர்கள் வழியிலுள்ள முள்ளை எடுப்பதே அதன் வேலை.

முள்ளை எடுக்க ஒரு யத்தனம் நடந்தது. 2022 அக்டோபர் 20ஆம் தேதி போட்டி ஆணையம் மேற்சொன்ன ஒப்பந்தங்களைக் கண்டித்து, கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐந்து நாள் கழித்து, செயலிக் கடையில் தன் பில் முறையையே கட்டாயப்படுத்தியதற்காக இன்னும் 936.44 கோடி விதித்தது. ஐரோப்பிய கமிஷன் 2018லேயே இப்படிப்பட்ட ஒப்பந்தங்களுக்காக 434 கோடி யூரோ விதித்திருந்தது. நமது ஜனங்கள் அபராதத் தொகையைப் பார்த்து வாய் பிளந்தார்கள். அந்தக் கம்பெனிக்கு அத்தொகை பெரிதல்ல. அதனோடு சேர்ந்த பத்துக் கட்டளைகளே பெரிது. மற்றவர்களின் செயலிக் கடையைப் பிளே ஸ்டோர் மூலமாகவே இறக்கிக்கொள்ள விடவேண்டும், முன்னேற்றிய செயலிகளை நீக்க விடவேண்டும், வெளியிலிருந்து செயலி ஏற்றுவதைத் தடுக்கலாகாது என்பவை அவற்றில் அடங்கும். 2023 மார்ச் 29ஆம் தேதி கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டு நடுவர் மன்றம் அபராதத்தை நிலைநிறுத்தி, கட்டளைகளில் நான்கை ரத்து செய்தது. நாம் மேலே குறித்த மூன்றும் அந்த நான்கில் சேர்ந்தவை. மரத்தின் வேரை விட்டுக் கிளையை வெட்டிய தீர்ப்பு என்பது நமது அபிப்பிராயம். பில் வழக்கின் அபராதமும் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைக்கப்பட்டது. உற்பத்தியாளர் தமக்கு வேண்டிய கூகிள் செயலிகளை மட்டும் தனித்தனியே பெறலாம் என்ற சலுகை மிஞ்சியது. அதைத் தைரியமாகப் பயன்படுத்திய உற்பத்தியாளர் யாரென்று விளக்கு வைத்துத் தேடவேண்டும்.

வாசல் ஒருவர் கையில் இருப்பதன் பலனைச் சென்னை 2024 மார்ச் 1ஆம் தேதி அனுபவித்தது. கமிஷன் கட்டவில்லையென்று கூகிள் பத்து இந்தியக் கம்பெனிகளைக் குறிப்பிட்டு, செயலிகளைக் கடையிலிருந்து நீக்கத் தொடங்கிற்று. சென்னையிலிருந்து நடைபெறும் பாரத் மாட்ரிமனி அவற்றில் ஒன்று. சொந்தத் தமிழ்ச் சாமர்த்தியத்தால் வளர்ந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வரன் பார்த்துக் கொடுத்த ஸ்தாபனம், ஒரு மாலைப் பொழுதில் கடைத்தெருவிலிருந்தே மறைந்தது. அதன் தலைவர் ஸ்ரீ முருகவேல் ஜானகிராமன் உரத்துக் கூவினார். மத்திய மந்திரி ஸ்ரீ அஷ்வினி வைஷ்ணவ் தலையிட்டார். சில நாட்களில் செயலிகள் திரும்பின. கூகிள் தன் பக்கத்தில் நியாயம் சொல்லிக்கொண்டது: இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இந்திய நிரலாளர் விதிப்படி நடக்கும்போது, சிலருக்கு மட்டும் சலுகை ஏன் என்றது. கேள்வி சரியே. ஆனால் விதி செய்தவரும் அவரே, நீதிபதியும் அவரே, எதிர்க்கடைக்காரரும் அவரே. மந்திரியைத் தெரிந்த பெரிய கம்பெனி மீண்டது. புதுச்சேரியில் ஓர் அறைக்குள் நாலு பேர் சேர்ந்து செயலி செய்யும் இளைஞர் நீக்கப்பட்டால் எந்த மந்திரிக்குத் தந்தி அடிப்பார்?

இப்பகுதி முதியோருக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். 1954 அக்டோபரில் கீழூரில் பிரதிநிதிகள் வாக்களித்து, நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி நீங்குமுன், நமது கொம்யூன்களின் எல்லைகள் துண்டு துண்டாய்க் கிடந்தன. பக்கத்து ஊருக்குப் பண்டம் கொண்டுபோகச் சுங்கச் சாவடி தாண்டவேண்டும். சாவடி வைத்தவன் ரோடு போட்டவனாயிருக்கலாம். அதற்காக வண்டியில் உள்ள நெல்லில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்குரியதென்று எவரும் ஒப்பவில்லை.

எதிர்ப்பக்கத்து வாதங்களில் ஒன்றுக்கு மட்டும் நாம் மரியாதை செய்கிறோம். வாசலைத் திறந்துவிட்டால் திருடன் வருவான் என்கிறார்கள். வருகிறான். கலியாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டுப் பாங்கிப் பணத்தைப் பறிகொடுத்த ஏழைகள் அநேகர். இதைக் காரணங்காட்டி, தன்னிடம் பெயர் பதிவு செய்யாத நிரலாளரின் செயலியை முத்திரை பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் ஏற்றவிடுவதில்லை என்று கூகிள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பவே, அனுபவமுள்ளவர்க்கு ஒரு வழி விடுவதாகச் சொல்லிற்று. திருடனைப் பிடிப்பது அவசியம். ஊரிலுள்ளோர் அனைவரும் ஒரு தனவந்தர் வீட்டில் பெயரெழுதி வைத்தால்தான் பிடிக்க முடியும் என்பது விநோதமான போலீஸ் முறை. பதிவு வேண்டுமானால் அதைச் சட்டசபைக்குப் பதில் சொல்லவேண்டிய ஓர் அதிகாரியிடம் வைக்கட்டும்.

அந்நிய சாவியில் உள்ள வேறோர் அபாயத்தைச் சீனர் அறிவார்கள். 2019 மேயில் அமெரிக்க சர்க்கார் ஹுவாவே கம்பெனியைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும், அதன் புதிய கைபேசிகளுக்குக் கூகிள் சேவைகள் அற்றுப்போயின. அவர்கள் ஹார்மனி என்ற சொந்தத் தளத்தை வளர்த்து, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டின் கலப்பே இல்லாத பதிப்பை வெளியிட்டார்கள். அவர்களால் இயன்றது, உள்நாட்டில் பிளே ஸ்டோர் முன்பே இல்லாதிருந்ததால். நமக்கு அந்த வசதி இல்லை. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடையைக் காரணமாக்கி மைக்ரோசாப்ட், இந்தியாவிலுள்ள நயாரா எண்ணெய்க் கம்பெனிக்குத் தன் சேவைகளைத் துண்டித்தது. டெல்லி ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்த பின்னரே இணைப்பு மீண்டது. இந்திய மண்ணில் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் ஸ்தாபனத்துக்கு நேர்ந்தது இது.

சர்க்கார் என்ன செய்யவேண்டும்? புது இயங்குதளம் செய்து கடைத்தெருவில் வைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. யு.பி.ஐ. விஷயத்தில் 2016இல் செய்ததைச் செய்தால் போதும்: பாதை பொதுவாயிருக்கட்டும், வண்டி எவருடையதாகவும் ஓடட்டும். மத்திய சர்க்காருக்கே சொந்தமாக ‘மொபைல் சேவா’ என்னும் செயலிக் கடை ஒன்று இருப்பது நேயர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 மார்ச்சில் அதில் 965 செயலிகள் இருப்பதாகப் பார்லிமெண்டில் தெரிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் சர்க்கார் விளம்பரப் பலகைகளில் பெரிதாக அச்சிடப்படுவது கூகிள், ஆப்பிள் கடைகளின் முத்திரைகளே. பிரஜைகளின் வரிப்பணத்தில் செய்த செயலிக்கு அந்நியர் கடையின் விளம்பரமும் நம் செலவிலேயே!

சர்க்கார் செயலி ஒவ்வொன்றும் இந்தப் பொதுக் கடையிலும் தவறாமல் கிடைக்கவேண்டும். கூகிளின் முத்திரை இல்லாத கருவியிலும் ஓடும்படி அது அமையவேண்டும். தேசியமயமான பாங்கிகளுக்கும் ரிசர்வ் பாங்கி அவ்விதமே உத்தரவிடவேண்டும். செயலி ஓடாத இடத்தில் குடியானவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்து வேலை முடித்துக்கொள்ளும் உரிமையும் இருக்கவேண்டும். புதுச்சேரி சர்க்கார் டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இலாகாக்களுக்குக் கைபேசியும் பலகைக் கணினியும் வாங்கும் டெண்டரில், பொதுச் செயலிக் கடையை முன்னதாகவே ஏற்றித் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். வரும் சட்டசபைக் கூட்டத்தில் நமது தொகுதி அங்கத்தினர்கள் இதைக் கேள்வியாக எழுப்புவார்களா என்று அறிய ஆவலாயிருக்கிறோம்.